சகலை வரைந்த குதிரை

எனக்கு என் சகலை மேல பொறாமை. இதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல ஒண்ணுமில்லை. என் மனைவியோட அக்காவைக் கட்டினவர் அவர், வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை. நான் சின்ன மாப்பிள்ளை. அவருக்குக் காப்பீட்டு ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காந்து வேலை. நான் மரச்சாமானுக்கு பாலிஷ் போடுறவன். அவர் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உள்ள இருக்கிற எல்லார் மூஞ்சியும் மலர்ந்துடும். நான் உள்ள நுழைஞ்சா, "வரும்போது பால் வாங்கிட்டு வந்தாச்சா?"ன்னு கேப்பாங்க.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பெரிய மாப்பிள்ளைன்னா நாலு மரியாதை கூடத்தான் கிடைக்கும். ஆனா அவர் புது வண்டி எடுத்தப்போ அவரோட பழைய மோட்டார் சைக்கிளை நான் வாங்கினேன் பாருங்க, அங்க பிடிச்சது எனக்குச் சனி.

வண்டியைக் குத்தம் சொல்ல மாட்டேன். கருநீலக் கலர், ஒரு உதையில ஸ்டார்ட் ஆகும், சொன்ன பேச்சு கேக்கும். டேங்க்ல இருந்த படம்தான் பிரச்சினை. டேங்க் முழுக்க ஒரு வெள்ளைக் குதிரை. முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு, பிடரி பின்னால பறக்க, ஒரு கருப்புக் கல்லு மேல பின்னங்காலை ஊணி நிக்கும். அந்தக் கல்லு மேல வெள்ளை பெயின்ட்ல என் சகலையோட கையெழுத்து. கையெழுத்துன்னா சாதாரணக் கையெழுத்து இல்லை, கடைசி எழுத்துல ஒரு வாலை இழுத்து, அந்த வாலைச் சுழிச்சு, சுழிக்குக் கீழ ரெண்டு புள்ளி வேற.

இந்தக் குதிரையோட எனக்குப் பழைய பகை உண்டு. கல்யாணமான புதுசுல, மாமனார் வீட்டுல கரப்பான் பூச்சிக்கு வாடகைக்கு விட்ட மாதிரி ஒரு பழைய அலமாரி கிடந்துச்சு. நான் அதை வெளிய இழுத்துப் போட்டு, பழைய பூச்சையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் ஏத்திக் கண்ணாடியா ஆக்கிக் கொடுத்தேன். மாமனாருக்குத் தலைகால் புரியலை. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணி கொடுக்கிறதுக்கு முன்னாடி அலமாரியைக் காட்டுவார். "சின்ன மாப்பிள்ளை கைவேலை"ம்பார். என் வாழ்க்கையில நான் ராஜாவா இருந்த காலம் அது. ஒரு மாசம் போயிருக்கும். பெரிய மாப்பிள்ளை தன் வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, "சும்மா ஒரு ஆசைக்கு நானே வரைஞ்சேன் மாமா"ன்னார். அவ்வளவுதான், வீடே வாசலுக்கு ஓடிச்சு. அன்னைக்கு ஓடினவங்க திரும்பி வந்து என் அலமாரியைப் பாக்கவே இல்லை.

இப்ப அந்தக் குதிரையை என் தலையிலயே கட்டியாச்சு. வாங்கினது நான், பெட்ரோல் போடுறது நான், மழையில நனையறது நான். ஆனா தெருவுல, "அட, பெரிய மாப்பிள்ளை வண்டி!"ன்னுதான் பேச்சு. போனாப் போகுது, தெருக்காரங்க வாயை நான் மூட முடியுமா? என் சொந்த மகளும் அதையே சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?

என் மகளை நாங்க வாலுன்னுதான் கூப்பிடுறது. ரெண்டாம் வகுப்பு. சகலைக்கு ரெண்டும் பசங்க, ரெண்டும் வளர்ந்து வெளியூர் போயாச்சு. அதனால மொத்தக் குடும்பத்துக்கும் இவ ஒருத்திதான் பொண்ணு. ஞாயித்துக்கிழமை ஆனா அவர் ஆஜர். இவ கதவைத் திறந்து அவர் இடுப்புல ஏறி உக்காந்துடுவா. அவர் கதை சொல்வார், குரல் மாத்திப் பேசுவார், நாணயத்தைக் காதுல இருந்து எடுப்பார். அவர் கிளம்பினதும் இவ என்னைப் பார்த்து, "அப்பா, உனக்கு என்ன தெரியும்?"ன்னு கேப்பா. மரத்துல இருக்கிற ரேகையைப் பத்திச் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன் ஒருநாள். பாதியிலயே தூங்கிட்டா.

ஒவ்வொரு வாரமும் அவர் முன்னாடி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எனக்கு ஒரு குதிரை வரைஞ்சு கொடுங்க பெரியப்பா"ன்னு கெஞ்சுவா. அவர், "மூடு வரணும் கண்ணு"ம்பார். மூடு வரணுமாம். பெரிய சித்திரப்புலி! பிள்ளை கேட்டா ஒரு கோடு இழுத்துக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவார்? எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா வாயைத் திறந்தா, "உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே"ன்னு மனைவி ஆரம்பிச்சுடுவா.

போன வெள்ளிக்கிழமை ஸ்கூல் வாசல்ல வண்டியோட நிக்கிறேன். வாலு உள்ள இருந்து பார்த்துட்டு, "பெரியப்பா வண்டி வந்துடுச்சு!"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தா. வாட்ச்மேன் புது ஆள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் பெரியப்பாங்களா?"

"இல்லை. அப்பா."

"அப்படியா? பாப்பா எப்பவும் பெரியப்பா பெரியப்பான்னே சொல்லும். அப்பா ஏதோ வெளிநாட்டுல இருக்கார்னு நினைச்சுட்டேன்."

அந்த ஆள் நல்ல மனசோடதான் சொன்னார். எனக்குத்தான் காது வரைக்கும் சூடாயிடுச்சு. வாலு பின்னால ஏறி உக்காந்து, என் இடுப்பைப் பிடிக்காம, எம்பி எம்பிக் குதிரையைத் தொட்டுக்கிட்டே வந்தா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹெல்மெட் இருந்ததால தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிகிட்ட சொல்லிட்டேன். "இந்த ஞாயித்துக்கிழமை அந்தக் குதிரையை எடுத்துடப் போறேன்."

"வண்டி நல்லாத்தானே ஓடுது? குதிரை உங்களை என்ன பண்ணுச்சு?"

"கடிக்குது."

"எங்க?"

"இங்க"ன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டுங்க. வயித்துலதான் எரியுது உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டா. ரெண்டு நிமிஷம் கழிச்சு உள்ள இருந்தே, "வாலு பார்த்தா ஊரைக் கூட்டிடுவா. அவ இல்லாத நேரமாப் பாருங்க"ன்னா. அப்படிப் பார்த்தா அவளும் எனக்கு உடந்தைதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ வாலுவைக் கூட்டிக்கிட்டு ஷூ வாங்கப் போனா. சகலை எப்பவும் சாயங்காலம்தான் வருவார். நான் வண்டியைக் கொல்லைப்பக்கம் நிழல்ல நிறுத்தி, ஒரு பக்கெட் தண்ணி, சோப்பு, தின்னர், பழைய பனியன் துணி, பல நம்பர்ல வாட்டர் பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சு உக்காந்தேன். வாட்டர் பேப்பர்னா தண்ணியில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள். மரத்துல இருக்கிற பூச்சை எடுக்கிறது எனக்குக் கைவந்த வேலை. இரும்பு ஒண்ணுதான் புதுசு. கம்பெனி பூசின நீலம் சூட்டுல வேகவெச்சது, கெட்டியா நிக்கும். அதுக்கு மேல ஆள் கையால வரைஞ்சது இளகும். சீட்டுக்கு அடியில ஒரு மூலையில தின்னரைத் தொட்டுத் துடைச்சுப் பார்த்தேன். நீலம் அசையலை. ஜோரு.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கவே இல்லை. கை நேரா கையெழுத்துக்குத்தான் போச்சு. அந்த இழுத்த வால், அந்தச் சுழி, அந்த ரெண்டு புள்ளி. துணியில தின்னரை நனைச்சு அழுத்தி ரெண்டு இழுப்பு இழுத்தேன். கையெழுத்து காணாமப் போச்சு. அப்பா, என்ன ஒரு சுகம்! வாய்விட்டுச் சிரிச்சேன். கல்லும் சேர்ந்தே கரைஞ்சு துணியெல்லாம் கருப்பாச்சு. அந்தக் கல்லைப் பார்த்து வாலுவே, "பெரியப்பா, ஏன் குதிரை உருளைக்கிழங்கு மேல நிக்குது?"ன்னு கேட்டிருக்கா.

அப்புறம் குதிரைக்கு வந்தேன். அதே துணி, அதே தின்னர், அதே அழுத்தம். குதிரை ஒரு மயிரளவுகூட அசையலை. மறுபடி தேய்ச்சேன். ம்ஹும்.

இங்கதான் என் தொழில்புத்தி வேலை செஞ்சுது. ஒரே ஆள் ஒரே டப்பா பெயின்ட்ல வரைஞ்சிருந்தா, கல்லு ஒரு தொடுதல்ல கரைஞ்சுட்டு குதிரை மட்டும் எப்படி மலை மாதிரி நிக்கும்? கல்லுக்குப் போட்டது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற சாதா பெயின்ட். குதிரைக்குப் போட்டது விஷயம் தெரிஞ்சவன் கலந்து போட்டது. கல்லு இருந்த இடத்தை இன்னொரு தடவை சுத்தமாத் துடைச்சேன். அடியில வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது. குனிஞ்சு பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்து, ஒவ்வொண்ணும் அச்சடிச்ச மாதிரி.

'பாலத்தடி ஆர்ட்ஸ். வண்டி, போர்டு, சுவர்.' கீழ ஒரு போன் நம்பர்.

நான் எழுந்து நின்னுட்டேன். பாலத்துக்கு அடியில தகர ஷெட் போட்டு இருந்த பெயின்டர் கடை அது. எனக்கே தெரியும். அட ராசா! அட பெரிய மாப்பிள்ளை! காசு கொடுத்து ஆளை வெச்சு வரைஞ்சு வாங்கி, அவன் பேர் மேல ஒரு உருளைக்கிழங்கை அப்பி, அதுக்கு மேல கையெழுத்தும் போட்டு, இத்தனை வருஷமாக் குடும்பத்துக்கே ரீல் விட்டிருக்கார். கையும் களவுமா மாட்டினார். ராத்திரி சாப்பாட்டுல எல்லாரும் உக்காந்ததும் மெதுவா ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணினேன். "ஏன் சகலை, பாலத்தடியில உங்களுக்கு யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?" அவர் மூஞ்சி போற போக்கை வாலு பாக்கணும். அவ பாக்கணும்னுதான் எனக்கு முக்கியம். அவர் இடுப்புல இருந்து இறங்கி வந்து, "அப்பா, இவர் பொய் சொல்லியிருக்கார்"ன்னு அவ வாயால சொல்லணும்.

"என்ன சகலை, தனியா சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

திரும்பினா அவரே நிக்கிறார். கையில ஒரு கலர் பென்சில் டப்பா, வாலுவுக்கு. முன்கதவு சும்மா சாத்தியிருந்ததாம், வந்துட்டாராம். அவர் கண்ணு என்னைப் பாக்கலை, டேங்க்கைத்தான் பார்த்துச்சு. மூஞ்சியில ஈயாடலை.

"வாங்க சகலை, சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க கைவேலையைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்"ன்னேன்.

அவர் ஏதாவது அடிச்சு விடுவார்னு எதிர்பார்த்தேன். அவர்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கும். ஆனா அன்னைக்கு துணி துவைக்கிற கல்லு மேல பொத்துனு உக்காந்தார். கலர் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டார்.

"அந்தக் கல்லு மட்டும் நான் வரைஞ்சது சகலை"ன்னார்.

"அது பார்த்தாலே தெரியுது."

"உருளைக்கிழங்கு மாதிரிதான் இருந்துச்சு, இல்லை?"

"ஆமா. ஏன் சகலை இப்படிப் பண்ணினீங்க? வெளிய கொடுத்து வரைஞ்சு வாங்கினேன்னு சொன்னா யார் உங்களைத் தூக்குல போடப் போறாங்க?"

அவர் டப்பாவோட மூடியைத் திறந்து மூடினார். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார். "நீங்க அந்த அலமாரியைப் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா? நான் மாமாவைப் பாக்கப் போறப்பல்லாம் அதுக்கு முன்னாடிதான் நாற்காலி போடுவார். சின்ன மாப்பிள்ளை கையைப் பாருங்க, சின்ன மாப்பிள்ளை கையைப் பாருங்கன்னே ஓதுவார். எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. வாயை வெச்சே பொழைச்சவன் நான். உங்களைப் பார்த்தா வயிறு எரியும் சகலை. ராத்திரி தூக்கம் வராது. அந்த எரிச்சல்ல ஒரு பொய் சொன்னேன். அது வளர்ந்து என்னையே முழுங்கிடுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு. சும்மா இன்னொரு தடவை சொல்லுங்க."

நிஜமாவே கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, நான் கிண்டல் பண்ணலைன்னு தெரிஞ்சதும், லேசாச் சிரிச்சார். "உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல். போதுமா?" போதாது. பத்து வருஷ எரிச்சலுக்கு ரெண்டு தடவை எப்படிப் போதும்? ஆனாலும் உச்சந்தலையில குளுகுளுன்னு இருந்துச்சு.

"வண்டியை வித்துட்டா இந்தப் பேச்சு ஒழியும்னு நினைச்சேன். அது உங்க வீட்டுக்கே வந்து சேர்ந்துச்சு"ன்னார். "ஞாயித்துக்கிழமை அவ தாளை நீட்டும்போதெல்லாம் எனக்கு உசிரே போகும். எனக்கு ஒரு நாய்கூட வரைய வராது சகலை. முழுசா எடுத்துடலாம். எனக்கும் நிம்மதி."

சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து என் பக்கத்துல குந்தினார். நான் முதல்ல அந்த எழுத்தைத் தேய்ச்சு எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெச்சிருந்த விருந்து அது. அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாட்டர் பேப்பரை நனைச்சு, சோப்பு விட்டுத் தேய்க்க ஆரம்பிச்சோம். அவருக்கு அழுத்தம் தெரியலை. "வட்டமாத் தேய்க்காதீங்க, ஒரே போக்குல தேய்ங்க. வெள்ளைத் தண்ணி வர்ற வரைக்கும்தான். நீலத்தண்ணி வந்தா நிறுத்திடணும்"ன்னு சொல்லிக் கொடுத்தேன். சரிங்க சகலை, சரிங்க சகலைன்னு கேட்டுக்கிட்டார். பிடரி போச்சு, கழுத்து போச்சு, கண்ணு மட்டும் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கிட்டிருந்துட்டு அதுவும் போச்சு. ஒரு கூத்தும் நடந்துச்சு. வெயில் படாம குதிரைக்கு அடியில ஒளிஞ்சிருந்த நீலம் புத்தம் புதுசா இருந்துச்சு. சுத்தி இருந்த நீலம் வெளுத்திருந்துச்சு. குதிரை போயும் அதோட அச்சு போகலை. "பாத்தீங்களா, இது லேசுல போற குதிரை இல்லை"ன்னு அவர் சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சோம். கல்யாணம் ஆனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அதுதான் முதல் தடவை.

பக்கெட் தண்ணி அழுக்காயிடுச்சு. மாத்திக்கிட்டு வரலாம்னு குழாயடிக்குப் போனேன். அங்க இருக்கும்போதே வாலுவோட அலறல் கேட்டுச்சு.

பக்கெட்டோட ஓடி வந்தேன். வாலு ஒத்தைக் கால்ல புது ஷூ, ஒத்தைக் கால்ல பழைய செருப்போட நிக்கிறா. பின்னால என் மனைவி. வண்டிக்கு முன்னாடி குந்தியிருந்தது சகலை மட்டும்தான். கையில வாட்டர் பேப்பர், முழங்கை வரைக்கும் வெள்ளைக் குழம்பு.

"யாரு அழிச்சது?" வாலு டேங்க்கைக் காட்டுறா. "யாரு என் குதிரையை அழிச்சது?"

நான் சொல்லியிருக்கலாம். பக்கெட்டைக் கீழ வைக்கிற நேரம் போதும் அதுக்கு. பக்கெட்டைத்தான் கீழ வெச்சேன்.

"நான்தான் கண்ணு"ன்னார் சகலை. "நான் வரைஞ்சதுதானே? எனக்கே பிடிக்கலை. அதான் வந்து அழிச்சுட்டேன்."

சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பொய்யை நான் காப்பாத்தணும், என் திருட்டை அவர் மறைச்சுட்டார். ஒரே வரியில ரெண்டையும் முடிச்சுட்டார். வாயை வெச்சுப் பொழைச்சவன்னு சும்மாவா சொன்னார்?

"இது உங்க வண்டி இல்லை!" வாலு தொண்டை கிழியக் கத்தினா. "இது எங்கப்பா வண்டி! எங்கப்பாவைக் கேக்காம நீங்க எப்படித் தொடலாம்? போங்க! இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க!"

கத்திட்டு ஓடி வந்து என் மேல பாய்ஞ்சா. ஈரக்கையோட தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியை என் தோள்ல புதைச்சுக்கிட்டு விம்மி விம்மி அழுதா. "பாருப்பா, உன் வண்டியை என்ன பண்ணிட்டார் பாருப்பா." எங்கப்பா வண்டி. எங்கப்பா. எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் இந்த வார்த்தைக்கு.

சகலை எழுந்தார். கலர் பென்சில் டப்பாவை எடுத்து நீட்டினார். வாலு தலையைத் தூக்காமலே கையால தட்டி விட்டா. டப்பா திறந்து பென்சிலெல்லாம் ஈரத்துல உருண்டுச்சு. அவர் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கி, சட்டையில துடைச்சு, டப்பாவுக்குள்ள வெச்சு, படியில வெச்சார். என் மனைவி அவரையும் பார்த்தா, வெள்ளைக் குழம்பு ஒட்டியிருந்த என் கையையும் பார்த்தா.

"வர்றேன் சகலை"ன்னார்.

இதுலயும் பெரிய மனுஷன் அவர்தான். பாருங்க, அந்த நேரத்துலயும் எனக்கு அதுதான் தோணுச்சு. பிள்ளைக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டுப் போறார், அதைக்கூட எனக்கு முன்னாடி அவர் செஞ்சுட்டாரேன்னு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

வாசல்ல அவர் புது வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுச்சு. உடனே கிளம்பலை. கொஞ்ச நேரம் அங்கேயே உறுமிக்கிட்டு நின்னுச்சு. "சகலை, நில்லுங்க"ன்னு ஒரு குரல் கொடுத்தா போதும், நடந்ததைச் சொல்லிடலாம். வாயைத் திறந்தேன்.

வாலு கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டா. நான் கூப்பிடலை.